கையில் 5 பவுண்டு, கண்முன்னே ஷேக்ஸ்பியர்... லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கதவு திறக்கும் நாடக மேடைகள்!

1949-ம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்த ஒரு நடிகர் லண்டனுக்கு வந்து இறங்கினார். புதிதாக வருகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், டவர் பிரிட்ஜைப் பார்ப்பார்கள். அவர் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த 'குளோப்' தியேட்டர் இருந்த இடம்!

தேம்ஸ் நதியின் தென்கரையில், சதர்க் பகுதியில் தேடி அலைந்தார். கடைசியில் கண்ணில் பட்டது, ஒரு பீர் தொழிற்சாலையின் சுவரில் பதித்திருந்த உலோகப் பட்டயம் மட்டுமே. உலகமே கொண்டாடும் நாடக ஆசிரியரின் தியேட்டருக்கு, லண்டனில் மிச்சமிருந்த அடையாளம் அவ்வளவுதான்.

அந்த நடிகர் சாம் வனமேக்கர். அன்று அவருக்கு வந்த ஏமாற்றம்தான் பின்னாளில் லண்டனின் முகத்தையே கொஞ்சம் மாற்றியது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம். அதற்கு முன்பு, இன்று அதே ஊரில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறவர்களைப் பார்ப்போம்.

நான்கு மணிக்கே இருட்டும் ஊர்

படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஒவ்வோர் ஆண்டும் பல நாடுகளிலிருந்து லண்டனுக்கு வருகிறவர்கள் ஏராளம். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. முதல் மாதம் எல்லாமே அதிசயமாக இருக்கும். சிவப்பு பஸ், பாதாள ரயில், முதல் குளிர்காலக் கோட்டு என்று வீட்டுக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

டிசம்பர் வந்ததும் நிலைமை மாறும். மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வகுப்பு, பகுதிநேர வேலை, நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒரு சின்ன அறை என்று வாழ்க்கை முக்கோணத்துக்குள் சுருங்கிவிடும். இரண்டு வருடம் லண்டனில் இருந்துவிட்டு, லண்டனையே பார்க்காமல் ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

'நாடகம் பார்க்கப் போகலாமா?' என்று யாராவது கேட்டால் உடனே மூன்று தயக்கங்கள் வரும். டிக்கெட் விலை கட்டுப்படியாகுமா? கோட்டு சூட்டு போட வேண்டுமா? அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியுமா?

மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

பர்ஸுக்கு ஏற்ற இருக்கை

லண்டனின் நாடக வட்டாரத்துக்கு 'வெஸ்ட் எண்ட்' என்று பெயர். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ, கோவன்ட் கார்டன், லெஸ்டர் ஸ்கொயர் சுற்றுவட்டாரத்தில், நடந்தே போகும் தூரத்துக்குள் சுமார் 40 தியேட்டர்கள். பெரிய நட்சத்திரம் நடிக்கும் நாடகமென்றால் முதல் வரிசை டிக்கெட் 200 பவுண்டைக்கூடத் தாண்டும். மாணவர் ஒருவருக்கு அது பல வார மளிகைச் செலவு!

ஆனால், அதே தியேட்டரில் மேலே மேலே ஏறினால் விலை இறங்கிக்கொண்டே வரும். தரைத்தளம் 'ஸ்டால்ஸ்'. அதற்கு மேல் 'டிரெஸ் சர்க்கிள்', பிறகு 'அப்பர் சர்க்கிள்', உச்சியில் 'பால்கனி'. உச்சாணி இருக்கைகளுக்கு ஆங்கிலேயர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'காட்ஸ்'. கூரைக்குப் பக்கத்தில், கடவுளுக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறோமாம்!

தூண் மறைக்கிற இடங்களை 'ரெஸ்ட்ரிக்டட் வியூ' என்று முன்கூட்டியே சொல்லி மலிவாக விற்பார்கள். கொஞ்சம் கழுத்தை வளைக்கத் தயாரென்றால் லாபம்தான்.

லெஸ்டர் ஸ்கொயர் பூங்காவை ஒட்டி 'டி.கே.டி.எஸ்' என்றொரு டிக்கெட் கூடம் இருக்கிறது. லண்டன் தியேட்டர்களின் சங்கமே 1980 முதல் நடத்திவருகிறது. அன்றைய காட்சிக்கும் அடுத்த சில நாள்களுக்கும் மிச்சமுள்ள டிக்கெட்டுகள் இங்கே தள்ளுபடியில் கிடைக்கும். சுற்றியுள்ள தெருக்களில் 'பாதி விலை' என்று போர்டு மாட்டிய தனியார் கடைகளும் உண்டு. புதியவர்கள் குழம்பாமல் சங்கத்தின் கூடத்தையே தேடிப் போவது நல்லது.

பல தியேட்டர்கள் அன்றன்று காலையில் குறைந்த விலை டிக்கெட்டுகளைச் செயலியில் வெளியிடுகின்றன. இதற்கு 'ரஷ்' என்று பெயர். குலுக்கல் முறையும் உண்டு. நேஷனல் தியேட்டரில் வெள்ளிக்கிழமை மதியம் அடுத்த வாரக் காட்சிகளுக்கான மலிவு டிக்கெட்டுகளைத் திறந்துவிடுவார்கள். 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கே தனிச் சலுகையும் இருக்கிறது. விலையும் விதியும் அவ்வப்போது மாறும் என்பதால், தியேட்டரின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ரகசியம்: தனியாகப் போகிறவருக்குத்தான் நல்ல இருக்கை கிடைக்கும். இருவர் இருவராக வாங்கிய பிறகு நடுவில் மிஞ்சும் ஒற்றை இருக்கை, கடைசி நேரத்தில் தேடுகிறவருக்கு வரப்பிரசாதம். நாடகத்துக்குத் தனியாக வருகிறவரை அங்கே யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. ஊரில் நண்பர்கள் கிடைக்காத முதல் குளிர்காலத்தில் இது சின்ன ஆறுதல் இல்லை.

குடும்பத்தோடு குடியேறியவர்களுக்கு ஆகஸ்ட் மாத 'கிட்ஸ் வீக்' உதவும். பெயரில்தான் வாரம். நடப்பதோ பெரும்பாலும் மாதம் முழுக்க. பங்கேற்கும் நாடகங்களில் பெரியவர் ஒருவர் முழு டிக்கெட் எடுத்தால் குழந்தை ஒன்றுக்கு இலவசம்.

ஜீன்ஸ் போதும், காது போதும்

அடுத்தது உடை. வெஸ்ட் எண்ட் தியேட்டர்களில் பொதுவாக எந்த உடைக் கட்டுப்பாடும் கிடையாது. பட்டுச் சட்டையில் வந்தவருக்குப் பக்கத்தில், வேலை முடிந்து முதுகுப் பையோடு வந்தவர் உட்கார்ந்திருப்பார். இடைவேளையில் இருவர் கையிலும் ஒரே மாதிரி சின்ன டப்பா ஐஸ்க்ரீம். நம் சபாக்களுக்கு கேன்டீன் எப்படியோ, லண்டன் நாடகத்துக்கு ஐஸ்க்ரீம் அப்படி!

நேரத்தில் மட்டும் கண்டிப்பு. 7.30 மணிக் காட்சி என்றால் 7.30-க்குத் திரை விலகிவிடும். தாமதமாக வந்தவர், நாடகத்தில் பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

மொழிதான் உண்மையான தடை. பள்ளியில் படித்த ஆங்கிலம் வேறு, மேடையில் மான்செஸ்டர் வாடையோடும் கிழக்கு லண்டன் வாடையோடும் கொட்டும் ஆங்கிலம் வேறு. ஒட்டுமொத்த அரங்கும் சிரிக்கும்போது தான் மட்டும் முழிப்பது, புதிதாக வந்தவருக்கு வகுப்பறையிலும் அலுவலகத்திலும் ஏற்கெனவே பழக்கமான அவஸ்தை. காசு கொடுத்து அதையே மறுபடி அனுபவிக்க வேண்டுமா?

அனுபவசாலிகள் சொல்லும் வழி எளிது. முதலில் இசை நாடகத்தில் தொடங்கலாம். 'தி லயன் கிங்' 1999 முதல் லைசியம் தியேட்டரில் ஓடுகிறது. கதை தெரிந்தது, பாட்டும் பொம்மலாட்டமும் முகமூடியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடுத்து, மேடையோரத் திரையில் வசனங்கள் எழுத்தாக ஓடும் 'கேப்ஷன்' காட்சிகள். காது கேளாதவர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு என்றாலும், உச்சரிப்புக்குப் பழகாதவர்களுக்கும் பெரிய உதவி. மூன்றாவது, நாடகப் பிரதியை நூலகத்தில் எடுத்து முன்கூட்டியே படித்துவிடுவது.

ஷேக்ஸ்பியர் என்றால் இன்னும் பயம். ஆனால் அந்தக் கிழவரின் ஆங்கிலம், லண்டன்வாசிகளுக்கே பாதி புரியாது என்பதுதான் உண்மை. நடிப்பைப் பார்த்துத்தான் அவர்களும் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வகையில் எல்லோரும் புதியவர்களே! போதாததற்கு, நமக்கும் அவருக்கும் பழைய உறவு இருக்கிறது. சென்னையில் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழ் மேடையில் நடமாட விட்டவர்.

70 வருடமாகக் காப்பாற்றப்படும் ரகசியம்

லண்டனில் நாடகம் எந்த அளவுக்கு ஊறிப்போன பழக்கம் என்று தெரிந்துகொள்ள 'தி மவுஸ்ட்ராப்' ஒன்று போதும். அகதா கிறிஸ்டி எழுதிய இந்தக் கொலை மர்ம நாடகம் 1952 நவம்பர் 25 அன்று லண்டனில் தொடங்கியது. 1974-ல் பக்கத்திலிருக்கும் செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டருக்கு மாறியது. இன்னும் ஓடுகிறது! உலகப்போருக்குப் பிறகு பிறந்தவர்கள் தாத்தா பாட்டியாகி, பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் நாடகம். அதை நிறுத்தியது 2020 மார்ச்சில் வந்த கொரோனாதான். 2021 மே மாதம் மறுபடி திரை விலகியது.

ஒவ்வொரு காட்சியின் முடிவிலும், 'கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள்' என்று மேடையிலிருந்து பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்வார்கள். இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் விடை கிடைக்கும் காலத்திலும், அந்த வேண்டுகோள் தொடர்கிறது. புதிதாக வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது, இந்த ஊரின் ரகசியம் ஒன்றில் அவரும் பங்காளி.

காசே இல்லாத நாளிலும்...

மாதக் கடைசி. வங்கிக் கணக்கில் வாடகைக்கு மட்டுமே பணம். அப்போதும் வெளியே போக இடம் உண்டு.

தேம்ஸ் தென்கரையில் கிழக்கே நடந்தால், கால் வலிப்பதற்குள் ஒரு கலை உலகத்தையே கடந்துவிடலாம். ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் முன்கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கும். அதே கட்டடத்தின் மாடியில் கவிதைகளுக்கென்றே ஒரு தேசிய நூலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. அடுத்து நேஷனல் தியேட்டர். டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்து 1976-ல் திறந்த இந்த கான்கிரீட் கட்டடத்தை, அழகு என்பவர்களும் உண்டு, அசிங்கம் என்பவர்களும் உண்டு. உள்ளே மூன்று அரங்குகள். நாடக டிக்கெட் இல்லாமலும் முன்கூடத்தில் உட்காரலாம். லேப்டாப்போடு மாணவர்கள், பேத்தியோடு பாட்டி, ஒத்திகை வசனம் முணுமுணுக்கும் நடிகர்கள் என்று அதுவே ஒரு நாடகம்தான்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் டேட் மாடர்ன். பழைய மின் நிலையத்தைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். லண்டனின் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. பிரிட்டிஷ் மியூசியத்தில், எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்த அமராவதிச் சிற்பங்களின் உடன்பிறப்புகளைச் சந்திக்கலாம். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் திப்பு சுல்தானின் புலிப் பொம்மை இருக்கிறது. நம் ஊர்ப் பொருள் அங்கே எப்படிப் போனது என்ற கேள்வியும் கூடவே எழும். எழத்தான் வேண்டும்.

கோவன்ட் கார்டன் சதுக்கத்தில் தெருக் கலைஞர்கள் வித்தை காட்டிக்கொண்டிருப்பார்கள். 1662-ம் ஆண்டிலேயே இங்கே பொம்மலாட்டம் பார்த்ததாக சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

'இந்த மேடையில் நமக்கு என்ன வேலை?'

விலை, உடை, மொழி மூன்றையும் தாண்டிய பிறகும் சிலருக்கு ஒரு நெருடல் மிச்சமிருக்கும். 'மேடையில் நிற்பவர்களும் அவர்கள், கைதட்டுபவர்களும் அவர்கள். நடுவில் நான் யார்?'

இந்தக் கேள்வியைப் பலர் முன்பே கேட்டிருக்கிறார்கள். ஜதீந்தர் வர்மா, 1968-ல் கென்யாவிலிருந்து பதின்வயதில் லண்டன் வந்தவர். 1976-ல் சவுத்தால் பகுதியில் சீக்கிய இளைஞர் ஒருவர் இனவெறிக்குப் பலியானார். அந்தக் கோபத்தையும் துயரத்தையும் என்ன செய்வது என்று யோசித்த வர்மாவும் நண்பர்களும், 1977-ல் 'தாரா ஆர்ட்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். முதல் நாடகம் தாகூருடையது. 1990-ல் நேஷனல் தியேட்டரில் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியரின் 'டார்டுஃப்'பை இந்தியச் சூழலுக்கு மாற்றி இயக்கினார் வர்மா. தென்மேற்கு லண்டனின் எர்ல்ஸ்ஃபீல்டில் அந்தக் குழுவின் தியேட்டர் இன்றும் இயங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் 1978-ல் தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தைத் தொடங்கிய க.பாலேந்திரா, புலம்பெயர்ந்த பிறகு லண்டனில் தமிழ் நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றினார். வெஸ்ட் கென்சிங்டனில் உள்ள பாரதிய வித்யா பவனில் பரதமும் கர்னாடக சங்கீதமும் மிருதங்கமும் சொல்லித்தருகிறார்கள். ஊரில் இருந்தவரை கச்சேரிப் பக்கமே போகாத பிள்ளைகள், லண்டனில் குளிருக்கு நடுவே தம்பூராவைத் தேடிப் போவதும் நடக்கிறது!

இன்னும் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. சென்னையைச் சேர்ந்த நாடகாசிரியர் அனுபமா சந்திரசேகர். சென்னையைக் களமாகக் கொண்ட அவரது 'ஃப்ரீ அவுட்கோயிங்' 2007-ல் லண்டனின் ராயல் கோர்ட் தியேட்டரில் அரங்கேறியது. காந்தியையும் கோட்சேவையும் பற்றி அவர் எழுதிய 'தி ஃபாதர் அண்ட் தி அசாசின்', 2022-ல் நேஷனல் தியேட்டரின் மிகப்பெரிய அரங்கான ஆலிவியரில் மேடையேறியது.

அந்த இரண்டையும் இயக்கியவர் இந்து ருபசிங்கம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். 2025-ல் அவர் நேஷனல் தியேட்டரின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். லாரன்ஸ் ஆலிவியர் 1963-ல் முதன்முதலாக உட்கார்ந்த நாற்காலி அது. அதில் அமர்ந்த முதல் பெண், முதல் வெள்ளையர் அல்லாதவர் அவர்தான்.

'நடுவில் நான் யார்?' என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையா?

பட்டயத்திலிருந்து பந்தல் வரை

இப்போது சாம் வனமேக்கரிடம் திரும்புவோம்.

அந்தச் சுவர்ப் பட்டயம் அவர் மனதை விட்டு அகலவே இல்லை. கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்துக் கலைஞர்களை வேட்டையாடிய காலம் அது. அமெரிக்காவில் வேலை கிடைக்காது என்ற நிலையில், இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1970-ல் குளோப் தியேட்டரை மறுபடி கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

'ஷேக்ஸ்பியருக்குக் கோயில் கட்ட ஓர் அமெரிக்கன் வரணுமா?' என்று பலர் சிரித்தார்கள். பணம் சேரவில்லை. அந்த இடத்தில் சாமானியர்களுக்கு வீடு கட்டலாமே என்ற எதிர்ப்பும் வந்தது. அதில் நியாயமும் இருந்தது. உள்ளூர் நகராட்சியோடு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அவர் விடவில்லை.

1599-ல் கட்டிய முதல் குளோப், 1613-ல் நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் பட்டு எரிந்துபோனது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஒருவரின் கால்சட்டையில் மட்டும் தீப்பிடிக்க, பாட்டிலில் இருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம்! மறுபடி கட்டிய குளோப்பை 1642-ல் மூடினார்கள். பிறகு அதை இடித்துவிட்டார்கள்.

புதிய குளோப்பை அந்தக் கால முறையிலேயே கட்டினார்கள். ஓக் மரச் சட்டம், மர ஆணி, நாணல் வேய்ந்த கூரை. 1666-ன் பெருந்தீக்குப் பிறகு லண்டன் நகரில் கூரை வேய அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இதுதான்.

1997-ல் அது முறைப்படி திறக்கப்பட்டபோது வனமேக்கர் இல்லை. 1993 டிசம்பரில், தன் 74-வது வயதில் காலமாகிவிட்டார். பட்டயத்தைப் பார்த்த நாளிலிருந்து 44 ஆண்டுகள் அவர் காத்திருந்தார். பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் அவர் விட்டுப்போன ஒன்று, இன்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பயன்படுகிறது. மேடைக்கு முன்னால் இருக்கும் திறந்தவெளி முற்றம். அங்கே நாற்காலி கிடையாது. சுமார் 700 பேர் நின்றபடி பார்க்கலாம். டிக்கெட் 5 பவுண்டிலிருந்து தொடங்குகிறது. நம் கணக்கில் சுமார் 600 ரூபாய். லண்டனில் ஒரு காபியும் பன்னும் சாப்பிடும் காசு!

மழை பெய்தாலும் நாடகம் நிற்காது. குடை விரிக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் முற்றத்தில் இருப்பவர்தான் நடிகருக்கு மிக அருகில் இருப்பவர். மேடை விளிம்பில் கை ஊன்றிக்கொள்ளலாம். கூட்டத்துக்குள் புகுந்து வரும் ராஜா, அவர் தோளைத் தட்டி வழி கேட்பார். கோயில் திருவிழாவில் கூத்து பார்த்து வளர்ந்தவருக்கு, இந்த நெருக்கம் ஒன்றும் புதிதல்ல.

2012-ல் இதே மேடையில் ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களை 37 மொழிகளில், உலகெங்கிலுமிருந்து வந்த குழுக்கள் நடித்தன. இந்தி வந்தது, குஜராத்தி வந்தது, வங்காளமும் உருதும் வந்தன. தமிழ் வரவில்லை. அமலாதித்யனுக்கு இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது!

சதர்க்கின் பார்க் தெருவில் அந்தப் பழைய பட்டயம் இன்றும் இருக்கிறது. புதிய குளோப்பிலிருந்து சில நிமிட நடைதான். கோடைக்கால மாலையில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 5 பவுண்டு டிக்கெட்டோடு முற்றத்தில் போய் நின்றால், பக்கத்தில் நிற்பவர் பிரேசிலிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். மூன்று மணி நேரம் நின்றதில் இருவருக்கும் கால் வலிக்கும். இடைவேளையில், 'அந்தக் கடைசி வசனம் உங்களுக்குப் புரிந்ததா?' என்று ஒருவர் கேட்பார். 'இல்லையே...' என்று மற்றவர் சிரிப்பார்.

வந்த ஊரில் முதல் நட்பு அப்படியும் தொடங்கலாம்.